தண்ணீருக்கு அளவுகோல் தெரியாது

இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டரை அங்குலம்தான் இடைவெளி. உள்ளங்கையைக் குறுக்கே வைத்தால் இரண்டு ஓரமும் இடிக்கும். 1924இல் லண்டனில் அப்படியொரு பாதையில் ‘ஆயிஷா’ என்று பெயரிட்ட நீராவி என்ஜின் ஒன்று, நிலக்கரியை எரித்துக்கொண்டு, பின்னால் வண்டியில் உட்கார்ந்திருந்த வளர்ந்த மனிதரை இழுத்துப் போனது. சிறிய ரயில் என்ஜின் கட்டுகிறவர்கள் அந்தச் சம்பவத்தை இன்றும் ‘கொதிகலன் யுத்தம்’ என்றே சொல்கிறார்கள்.

யுத்தம் முதலில் மூண்டது காகிதத்தில். பெர்சிவல் மார்ஷல் 1898இல் தொடங்கிய ‘மாடல் என்ஜினியர்’ பத்திரிகையில், 1922 வாக்கில் இந்தச் சச்சரவு கிளம்பியது. இவ்வளவு சிறிய என்ஜினுக்கு ஸ்பிரிட் விளக்குதான் தோது, பெரிய என்ஜினைப் போலக் கரியடுப்பு வைத்தால் சரிப்படாது என்பது அன்று பலருடைய முடிவு. அதை மறுத்து எழுதியவரின் புனைபெயர் எல்.பி.எஸ்.சி. லில்லியன் லாரன்ஸ் (1883–1967) என்ற பெயரில் வாழ்ந்தவர். இளமையில் வேலை பார்த்த லண்டன் பிரைட்டன் அண்ட் சவுத் கோஸ்ட் ரயில்வேயின் முதல் எழுத்துகளைத்தான் அவர் புனைபெயராக்கிக்கொண்டார். கொஞ்சம் சண்டைக்கோழி. ஆனால் கடிதத்தில் வாதாடியதோடு நிற்காமல், வீட்டில் கட்டிய என்ஜினைக் கொண்டுவந்து ஓட்டியும் காட்டினார். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள், அலுவலகம் முடிந்து வந்து கொட்டகையில் லேத் ஓட்டுகிற சாதாரண மனிதர்களுக்கு, ஒவ்வொரு பாகமாக எப்படிச் செய்வது என்று எழுதிக்கொண்டே இருந்தார்.

ஆயிஷாவின் வேலைப்பாட்டைவிட, அதைச் செய்தவர் எதையெல்லாம் சுருக்காமல் விட்டார் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. பெரிய என்ஜினின் வரைபடத்தை எடுத்து எல்லா அளவையும் ஒரே எண்ணால் வகுத்துக்கொண்டே போனால், கண்ணாடி அலமாரியில் வைக்க அழகான பொம்மை கிடைக்கும். அது ஓடாது. இரும்பையும் செம்பையும் எவ்வளவு சிறிதாக வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம். தண்ணீரும் நெருப்பும் காற்றும் பெரிய என்ஜினுக்குள் இருந்த அதே தண்ணீர், அதே நெருப்பு, அதே காற்று. எந்த இடத்தில் வரைபடத்தை மீற வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பதில்தான் இந்தத் தொழிலின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்றரை அங்குலத் தண்டவாளத்துக்கு வழக்கமான விகிதம் அடிக்கு முக்கால் அங்குலம், அதாவது 16இல் ஒரு பங்கு. நீளம் 16இல் ஒன்றானால், பரப்பு 256இல் ஒன்றாகும்; கன அளவும் எடையும் 4,096இல் ஒன்றாகும். உண்மையான என்ஜின் 60 டன் எடை, 10 டன் இழுவிசை என்று வைத்துக்கொள்வோம். சுருக்கினால் எடை 15 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இழுவிசையைத் தருவது பிஸ்டனின் பரப்பும் நீராவியின் அழுத்தமும். பரப்பு 256இல் ஒன்று. அழுத்தத்தைப் பெரிய என்ஜினின் 14 பாரிலிருந்து 5.5 பாருக்கு இறக்கினாலும் இழுவிசை 15 கிலோவுக்குச் சற்று மேலேயே நிற்கிறது. தன் எடைக்குச் சமமாக இழுக்கும் என்ஜின்! எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்வதோ, தன்மேல் ஏறிய எடையில் ஏறக்குறைய கால் பங்குக்குத்தான். அதற்கு மேல் விசை கொடுத்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். ஆக, சின்ன என்ஜினுக்குப் பலம் போதாது என்ற கவலையே வேண்டாம். பலம் தேவைக்கு மேல் இருக்கிறது, எடைதான் போதாது. கிடைக்கிற நாலு கிலோ பிடிப்பே சமதளத்தில் மூன்று நாலு பேரை இழுக்கும். நல்ல பேரிங் போட்ட வண்டியில் 60 கிலோ ஆளை நகர்த்த ஒரு கிலோ விசைகூட வேண்டாம். ஐம்பதுக்கு ஒன்று என்று ஏற்றம் வந்தால் மட்டும் அதே ஆள் இன்னும் ஒரு கிலோவுக்கு மேல் கேட்பார்.

சிக்கல் வேறு பக்கம். அண்டாவில் கொதிக்க வைத்த வெந்நீர் ஒரு மணி நேரம் கழித்தும் சுடும். அதிலிருந்து ஒரு டம்ளர் எடுத்து வைத்தால், பேச்சு முடிவதற்குள் ஆறிவிடும். 16இல் ஒன்றாகச் சுருக்கிய பாத்திரத்தில், உள்ளே இருக்கும் ஒவ்வொரு சொட்டுக்கும் வெப்பத்தை வெளியே விடும் சுவர் 16 மடங்கு அதிகம். கொதிகலன், குழாய், சிலிண்டர் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். நீராவியை உண்டாக்குவதும், உண்டான நீராவியை வழியில் தண்ணீராகிவிடாமல் கொண்டு சேர்ப்பதும்தான் சின்ன என்ஜினின் முழுப் போராட்டம்.

ரயில் என்ஜினின் கொதிகலன் நம் வீட்டுக் குக்கர் மாதிரி அடியில் மட்டும் சூடேறுவதில்லை. பின்னால் நெருப்புப் பெட்டி (தீப்பெட்டி என்று சொன்னால் நமக்கு வேறு பொருள் வந்துவிடுகிறது). அதைச் சுற்றிலும் தண்ணீர். அங்கிருந்து சூடான வாயுக்கள் தண்ணீருக்கு ஊடே செல்லும் குழாய்கள் வழியாக முன்னால் உள்ள புகைப்பெட்டிக்குப் போகும். பெரிய என்ஜினில் இந்தக் குழாய்கள் சுமார் 50 மில்லிமீட்டர் விட்டத்தில் நூற்றுக்கு மேல் இருக்கும். 16ஆல் வகுத்தால் 3 மில்லிமீட்டர் குழாய்கள் நூறு. பார்க்க அற்புதமாக இருக்கும்; முதல் கால் மணி நேரத்தில் புகைக்கரி அடைத்துக்கொள்ளும். அடைக்காவிட்டாலும் வாயு சுவரோடு உரசி உரசியே நின்றுபோகும். அதனால் கட்டுகிறவர்கள் எண்ணிக்கையைக் குறைத்து விட்டத்தைக் கூட்டுகிறார்கள்: எட்டில் மூன்று பங்கு அங்குல விட்டத்தில் பத்துப் பன்னிரண்டு குழாய். நீளம் எவ்வளவு? இதற்குக் கெய்லரின் விதி என்று ஒன்று உண்டு. குழாயின் நீளத்தை உள்விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால், இரண்டும் அங்குலத்தில் இருக்கும்போது, 50க்கும் 70க்கும் இடையே விடை வர வேண்டும். உள்விட்டமே எட்டில் மூன்று பங்கு அங்குலம் என்றால் நீளம் எட்டரை அங்குலம் வாக்கில் பொருந்தும். அதைவிடக் குட்டையானால் வெப்பம் புகைபோக்கி வழியே வீணாகும். நீளமானால் அடுப்புக்கு மூச்சு முட்டும்.

கொதிகலன் தகடு செம்பு. எஃகைவிட ஏழெட்டு மடங்கு வெப்பம் கடத்தும், துருவேறாது. பிரிட்டனில் பெரிய என்ஜின்களுக்கே உள் நெருப்புப் பெட்டியைச் செம்பில் செய்வது வழக்கம். தகட்டின் கனத்திலும் வரைபடத்தை மீறத்தான் வேண்டும். பெரிய என்ஜினின் 16 மில்லிமீட்டர் தகடு கணக்குப்படி 1 மில்லிமீட்டராக வேண்டும். போடுவதோ இரண்டரை, மூன்று. 100 மில்லிமீட்டர் விட்ட உருளையில் இரண்டரை மில்லிமீட்டர் தகடு, 5.5 பார் அழுத்தம் என்றால், தகட்டை இழுத்துக் கிழிக்கப் பார்க்கும் விசை சதுர மில்லிமீட்டருக்கு 11 நியூட்டன். பழுக்கக் காய்ச்சி மென்மையாக்கிய செம்புகூட 200க்கு மேல்தான் அறும். அப்படியானால் எதற்கு இவ்வளவு கனம் என்று கேட்கலாம். உருளை மட்டும் என்றால் வேண்டியதில்லைதான். நெருப்புப் பெட்டியின் பக்கங்கள் தட்டையானவை. அழுத்தம் ஏறினால் எந்தத் தட்டைப் பரப்பும் பூரி மாதிரி உப்பவே பார்க்கும். அதைத் தடுக்க உள் தகட்டையும் வெளித் தகட்டையும் தண்ணீருக்கு ஊடே ஆணிகளால் கட்டிப்போட வேண்டும். 18 மில்லிமீட்டருக்கு ஓர் ஆணி என்றால் ஒவ்வொன்றும் 18 கிலோ இழுவையைத் தாங்கியாக வேண்டும். ஒரு சின்னக் கொதிகலனில் இப்படிப் பத்துப் பத்தாக ஆணிகள். அலுப்பான வேலை, ஆனால் ஒன்றைக்கூட விட முடியாது.

இத்தனையையும் ஒட்டவைப்பது வெள்ளிப் பற்றாசு. ‘பொடி வைத்து ஊதுவது’ என்று நாம் பேச்சில் சொல்வது பொற்கொல்லர் பட்டறையிலிருந்து வந்த வழக்கு: பற்றாசுப் பொடியை வெங்காரத்தோடு வைத்து, ஊதுகுழலால் சுடரை அதன்மேல் ஊதுவார்கள். கொதிகலன் கட்டுகிறவர் செய்வதும் அதுவேதான், பானை அளவில். வெங்காரம் சேர்ந்த பூச்சு செம்பின்மேல் படியும் கரிய ஆக்சைடைக் கரைத்து அகற்றும்; சுத்தமான செம்பைக் கண்டதும் உருகிய பற்றாசு இடுக்குக்குள் தானே ஓடிப் புகும். 55 விழுக்காடு வெள்ளி கலந்த பற்றாசு 630 முதல் 660 டிகிரியில் உருகும். செம்பு உருக 1,085 வேண்டும். இடைவெளி தாராளம். கஷ்டம் வேறு. ஒரு மூலையில் சுடரைக் காட்டினால் செம்பு அந்தச் சூட்டை மறு மூலைக்குக் கடத்திவிடும். அதனால் முழுக் கொதிகலனையும் செங்கல் அடுக்கி மூடி, பெரிய கேஸ் சுடரில் மங்கிய சிவப்புக்குக் கொண்டுவந்தால்தான் ஓர் இணைப்பு பற்றும். அடுத்த இணைப்பைப் பற்றவைக்கும்போது முதலாவது பிரிந்துவிடக் கூடாது. ஆகவே உருகுநிலை கூடிய பற்றாசு முதலில், குறைந்தது பிறகு. ஒவ்வொரு சூட்டுக்கும் பிறகு நீர்த்த அமிலத்தில் ஊறவைத்துக் கறுப்பை எடுக்க வேண்டும். செப்புக் குடத்தைப் புளி போட்டுத் துலக்குவதும் இதே வேதியியல்தான். பழைய பற்றாசுகளில் காட்மியம் கலந்திருக்கும். அதன் புகை நஞ்சு. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய சரக்கை வாங்க வேண்டாம்.

ரேடியோ பற்றவைக்கிற ஈயப் பற்றாசு ஏன் கூடாது? அது 183 டிகிரியில் உருகும். 5.5 பார் அழுத்தத்தில் கொதிகலன் தண்ணீரின் சூடு 162. நடுவே 20 டிகிரிதான். தண்ணீர் மட்டம் இறங்கி நெருப்புப் பெட்டியின் தலை வெளியே தெரிந்தால் அந்த 20 டிகிரி நிமிடத்தில் கரைந்துவிடும்.

அடுப்புக்கு வருவோம். கரி பட்டாணிக்கும் கொண்டைக்கடலைக்கும் இடைப்பட்ட அளவு. படுகை மெல்லியதானால் குளிர்ந்துவிடும், தடித்தால் காற்று நுழையாது. ஆயிஷாவின் அடுப்பில் கரி எரியுமா என்ற பழைய சந்தேகத்துக்கு விடை அடுப்பில் இல்லை, புகைபோக்கியில் இருந்தது. வேலை முடிந்து சிலிண்டரிலிருந்து வெளியேறும் நீராவியை, புகைப்பெட்டிக்குள் ஒரு குறுகிய வாயிலிருந்து நேர் மேலே, புகைபோக்கியின் நடுவே பாய்ச்ச வேண்டும். பாயும் நீராவி புகையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்; புகைப்பெட்டியில் காற்றழுத்தம் குறையும்; அந்தக் குறைவை ஈடுகட்ட நெருப்பின் ஊடே புதுக் காற்று பாய்ந்து வரும். என்ஜின் அதிகம் இழுத்தால் அதிக நீராவி, அதிக இழுப்பு, அதிக நெருப்பு. கட்டுப்பாட்டுக் கருவி ஏதும் இல்லாமல் தேவையும் வழங்கலும் ஒன்றை ஒன்று சரிசெய்துகொள்கின்றன. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் நீராவி என்ஜின் மூச்சிரைப்பதுபோல் எழுப்பும் ஒலி இதுதான். (அந்த மலைப் பாதைக்குத் திருச்சி பொன்மலைப் பணிமனை இந்த நூற்றாண்டிலும் புதிய நீராவி என்ஜின்கள் கட்டியிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.) சின்ன என்ஜினில் இந்த வாய் ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் விலகினாலும் நீராவி புகைபோக்கியின் சுவரில் மோதும், இழுப்பு போய்விடும். இரண்டு வருட உழைப்பு நீராவி எழாமல் நின்றால் அனுபவசாலிகள் முதலில் ஒரு கம்பியை வாயில் செருகி, அது புகைபோக்கியின் நட்டநடுவே வருகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

சிலிண்டருக்குள் நுழையும் நீராவி சுவரைத் தொட்டதும் வியர்க்கும். பெரிய என்ஜினுக்கு இது சிறு நஷ்டம். கட்டைவிரல் பருமன் சிலிண்டருக்குப் பெரும் நஷ்டம். நீராவியை மறுபடி நெருப்பின் ஊடே ஒரு குழாயில் ஓட்டி மேலும் சூடாக்குவது பெரிய என்ஜினுக்குச் சிக்கனம் என்றால், சின்னதற்கு அது உயிர்நாடி. கிளம்பும்போது சிலிண்டரின் அடியில் உள்ள வடிகால் திருகைத் திறந்துவைக்க வேண்டும். தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் அதன்மேல் மோதினால் மூடி தெறிக்கும்.

நீராவியை எப்போது உள்ளே விடுவது, எப்போது மூடுவது என்பதை முடிவு செய்வது வால்வு. ஊஞ்சலில் இருக்கும் குழந்தையைக் கடைசி வரை கூடவே ஓடித் தள்ளுகிறவர் களைத்துப்போவார். தொடக்கத்தில் ஒரு தள்ளு தள்ளிவிட்டுக் கையை எடுப்பவர் நாளெல்லாம் தள்ளுவார். பிஸ்டன் பாதையின் ஒரு பகுதி வரை நீராவியை விட்டு, வாசலை மூடிவிட்டால், உள்ளே இருப்பது விரிந்துகொண்டே மிச்ச வேலையைச் செய்யும். வால்வின் விளிம்பை வாசலைவிடச் சற்று நீட்டிவைத்தால் இது நடக்கும். லாரன்ஸ் ஓயாமல் வலியுறுத்திய விஷயங்களில் இதுவும் ஒன்று. கடையில் விற்ற பொம்மை என்ஜின்கள் கடைசி வரை நீராவியைத் திறந்துவிட்டு அதைக் குடித்துத் தீர்த்தன. பெல்ஜியத்தின் எகிட் வால்ஷார்ட்ஸ் 1844இல் வடிவமைத்த இணைப்புக் கம்பிகள்தான் இன்றும் பல சின்ன என்ஜின்களின் பக்கவாட்டில் ஆடிக்கொண்டிருக்கின்றன.

சட்டமும் சக்கரமும் லேத் பழகியவருக்குப் பெரிய பாடு இல்லை. பிரிட்டனில் பல கொட்டகைகளில் மைஃபோர்டு எம்எல்7 நிற்கும்; மூன்றரை அங்குலப் பாதை என்ஜினுக்கு அதுபோன்ற சிறு லேத் போதும். இரண்டு பக்கச் சட்டத் தகடுகளையும் ஒன்றாகப் பிணைத்து ஒரே தடவையில் துளையிட வேண்டும். ஒரே நுணுக்கம், வலப்பக்கக் கிராங்குக்கும் இடப்பக்கக் கிராங்குக்கும் உள்ள 90 டிகிரி. ஒரு பிஸ்டன் கோடியில் முடங்கி நிற்கும்போது மற்றது முழுப் பலத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. வேடிக்கை என்னவென்றால், எல்லா அச்சிலும் 89 டிகிரியாக இருந்தால்கூட என்ஜின் சீராக ஓடும். ஒன்று 90, இன்னொன்று 89 என்றால் இணைப்புத் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் முறுக்கிக்கொள்ளும்.

கொதிகலனுக்குத் தண்ணீர் ஏற்றும் இன்ஜெக்டரைப் பற்றிச் சொல்லாவிட்டால் குறையாகும். பிரான்ஸின் ஹென்றி ஜிஃபார்டு 1858இல் கண்டுபிடித்த இது, அசையும் பாகம் இல்லாமல், கொதிகலனின் நீராவியைக் கொண்டே அதே கொதிகலனுக்குள் தண்ணீரைத் தள்ளுகிறது. கேட்டால் ஏமாற்று வித்தை போலிருக்கும். குறுகிய கூம்பு வழியே சீறும் நீராவி, குளிர்ந்த தண்ணீரைச் சந்தித்துத் தானும் தண்ணீராகிவிடும்; தன் வேகத்தை அந்தத் தண்ணீருக்குக் கொடுத்துவிடும். பாயும் நீர் அடுத்த விரியும் கூம்பில் வேகம் குறையும்போது, இழந்த வேகம் அழுத்தமாக மாறுகிறது, கொதிகலனின் அழுத்தத்தையே மிஞ்சும் அளவுக்கு. நீராவிக்குள் ஒளிந்திருந்த வெப்பம்தான் இதற்கெல்லாம் கூலி கொடுக்கிறது. மாடல் அளவில் கூம்பின் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. உப்புத் துணுக்கு ஒன்று போதும், அடைத்துக்கொள்ள. தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பானாலும் நீராவி முழுதாகக் குளிராது, இன்ஜெக்டர் தும்மிவிட்டு நின்றுவிடும். அதனால் அச்சின் சுழற்சியால் இயங்கும் பம்பும் கையால் அடிக்கும் பம்பும் துணைக்கு இருந்தே தீர வேண்டும்.

தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைச் சுருக்கினால் அது பொய் சொல்லத் தொடங்கும். திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் மெல்லிய குழாயில் தண்ணீர் தானே ஏறி, உள்ளே இல்லாத தண்ணீரை இருப்பதாகக் காட்டும். ஒரு குமிழி சிக்கிக்கொண்டால் அசையவே அசையாது. அதனால் இதையும் கணக்குக்கு மேலே 5, 6 மில்லிமீட்டர் பருமனில் போடுகிறார்கள். என்ஜினின் அழகைக் கெடுக்கிறது என்று சிலர் முணுமுணுப்பார்கள். உயிர் காக்கும் பாகத்தில் அழகு பார்ப்பது எனக்குச் சம்மதமில்லை.

நீராவிக்கு முன்னால் அமுக்கிய காற்றில் ஓட்டிப் பார்ப்பார்கள். பிறகு ஒரு நாள், மண்ணெண்ணெயில் நனைத்த மரக்கரியைப் பற்றவைத்து, புகைபோக்கியின் தலையில் சின்ன மின்விசிறியை வைத்துக் காற்றை இழுக்க, கால் மணி நேரத்தில் அழுத்தமானியின் முள் அசையும்.

அந்த நாளுக்கு முன் செய்தாக வேண்டிய ஒரு வேலை உண்டு. இரண்டு லிட்டர் தண்ணீர் 162 டிகிரியில் இருக்கும்போது கொதிகலன் கிழிந்தால், ஒன்பதில் ஒரு பங்குக்கு மேல் கணத்தில் ஆவியாகி 350 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். பிரிட்டனில் கிளப்பின் பரிசோதகர் சோதித்துச் சான்றிதழ் தராமல் யாரையும் பாதையில் விட மாட்டார்கள். நம் நாட்டில் கொதிகலன் சட்டம் 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவைக் கணக்கில் எடுப்பதில்லை. உங்கள் பட்டறைக் கதவை எந்த அதிகாரியும் தட்டப்போவதில்லை. எனவே நீங்களே பரிசோதகராக இருங்கள். கொதிகலனைக் குளிர்ந்த தண்ணீரால் ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்பி, கைப்பம்பால் மெல்ல மெல்ல 11 பாருக்கு, அதாவது ஓடும் அழுத்தத்தின் இரண்டு மடங்குக்கு ஏற்றி, அரை மணி நேரம் முள்ளையும் தகடுகளையும் பார்த்துக்கொண்டிருங்கள். விரிசல் இருந்தால் தண்ணீர் பீச்சும், அவ்வளவுதான், சட்டை நனையும். இந்தச் சோதனை முடியாத கொதிகலனுக்குக் கீழே தயவுசெய்து தீ மூட்டாதீர்கள்.